உங்களுக்கென்னப்பா!

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஒரகடம் பக்கம் வேலை வாய்ப்பு எப்படி இருக்கு, பசங்க என்னென்ன கத்துக்கணும், ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது பேனா வேறு பக்கம் போய்விட்டது. அவரிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேசு, ஆனா யார் மனசும் நோகாம பேசு" என்றார். முயற்சி செய்கிறேன். நான் மைக் பிடித்துப் பழகியவன் அல்ல, டார்க் ரெஞ்ச் பிடித்துப் பழகியவன். இறுக்கம் கூடிப்போனால் மன்னிக்கவும்.

நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தது 2006-ல். அந்த வருஷம்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. வெளியே வந்தது 2010-ல். அந்த வருஷம்தான் ஒரகடத்தில் ரெனோ நிஸான் தொழிற்சாலை திறந்தார்கள். நோக்கியா 2014-ல் மூடப்பட்டதையும் பார்த்தோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். ஆக, இந்த ரோடு வளர வளரக் கூடவே வளர்ந்த தலைமுறை எங்களுடையது. என் ஊர் சுங்குவார்சத்திரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில். ஊர் என்று சொன்னேன். சரியாகச் சொன்னால், ஊருக்கு வெளியே இருக்கிற தெரு.

இந்த ஒரு வாக்கியத்தை இந்தக் கட்டடத்துக்குள் நின்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை. என்னோடு நாலு வருஷம் ஒரே பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. மீதிப் பாதிக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வருஷம், ஆகஸ்டோ செப்டம்பரோ இருக்கும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அட்டெண்டர் ஒரு சர்க்குலர் கொண்டுவந்தார். ஆசிரியர் சத்தமாகப் படித்தார்: ஸ்காலர்ஷிப் படிவம் வாங்க எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் மாலை 4 மணிக்குள் அலுவலகத்துக்கு வரவும். படித்ததோடு விட்டிருக்கலாம். "யார் யாருப்பா? எழுந்திருங்க, எண்ணிக்கை எழுதி அனுப்பணும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆபீசில் எண்ணிக்கை கேட்டார்கள், அவர் எண்ணினார், அவ்வளவுதான். ஆனால் அறுபது தலையும் ஒரே நேரத்தில் திரும்பிய சத்தம் இருக்கிறதே, அது எனக்கு இன்னும் கேட்கிறது. என் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். பின்னால் இரண்டு பேர் எழுந்தார்கள். நான் ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்தான். சாயந்திரம் நாலரைக்கு, எல்லா பஸ்ஸும் கிளம்பின பிறகு, தனியாக ஆபீசுக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு படிவம் வாங்கினேன்.

எழுந்து நின்ற அந்த நண்பன் பெயரைச் சொல்லமாட்டேன். மெஷின் டிராயிங்கில் எங்கள் செட்டிலேயே அவன் கை போல ஒரு கை கிடையாது. எனக்கு மினி டிராப்டர் வாங்கப் பணம் வரும்வரை ஒரு மாசம் தன்னுடையதைக் கொடுத்தான். அவன் வரைந்து முடித்த பிறகு நான் வரைவேன்.

மறுநாளிலிருந்து அவனுக்கு "மாப்பிள்ளை" என்று பெயர் விழுந்தது. நம் ஊரில் யார்தான் யாரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை? வெளியாள் கேட்டால் பாசமாகக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைப்பார். முழுப் பெயர் "கவர்மெண்ட் மாப்பிள்ளை" என்பது வகுப்புக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும். சொல்லுகிறவன் சிரித்துக்கொண்டே சொல்வான். கேட்கிறவனும் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால், "என்னப்பா, ஜோக்குக்குக்கூட சீரியஸ் ஆகுற" என்பார்கள். அவனும் சிரித்தான்.

நானும் அவனை அப்படித்தான் கூப்பிட்டேன். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். கூப்பிடாவிட்டால் என் பக்கம் திரும்புவார்களோ என்ற பயம். என் தெருவும் அவன் தெருவும் ஒன்றுதான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் ஒரு நாள்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நிற்க. நம் தமிழ்நாட்டில் இந்த விஷயத்துக்குத் தனி ரூபம் ஒன்று உண்டு. 1929 பிப்ரவரியில் இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில், செங்கல்பட்டு நகரத்தில்தான் முதல் சுயமரியாதை மாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் பெருமளவுக்குப் பலித்தது. வடக்கே ஒரு பெயரைப் பார்த்தவுடன் ஆள் யார் என்று தெரிந்துவிடும், இங்கே தெரியாது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? விசாரிப்பார்கள். "எந்த ஊரு?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "அந்தப் பெரிய கோயில் பக்கமா, ஏரிக்கரை பக்கமா?" "அப்பா பேரு?" "குலதெய்வம் எது?" "வீட்ல என்ன கறி எடுப்பீங்க?" ஒவ்வொன்றும் அன்பான கேள்விதான். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? "சார், இவன் என்னை எந்த ஊர் என்று கேட்டுவிட்டான்" என்றா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தயாரித்து வைப்பது தனி சப்ஜெக்ட். சிலபஸில் இல்லாதது, அரியர் மட்டும் உண்டு. காலேஜ் பஸ் எங்கள் தெரு முனையிலேயே நிற்கும். நான் ஒரு ஸ்டாப் முன்னாலேயே, பேங்க் பக்கத்தில் இறங்கி நடப்பேன். "வீடு பேங்க் பின்னாடி" என்று சொல்லியிருந்தேன். மழை நாளிலும் அதே நடைதான்.

இது ஏதோ என் ஒருவனுடைய கோழைத்தனம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் சுயசரிதையைப் படித்தேன். 1859-ல் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர், நம்ம ஜில்லாக்காரர். லண்டனில் நடந்த வட்டமேஜை மாநாட்டுக்கு டாக்டர் அம்பேத்கரோடு போனவர். 1939-ல் "ஜீவிய சரித்திர சுருக்கம்" என்று சின்னதாக ஒரு புத்தகம் எழுதினார். கோயம்புத்தூரில் படித்த காலத்தில், சாதி தெரிந்துவிடுமே என்று மற்ற மாணவர்களோடு விளையாடாமல் ஒதுங்கியே இருந்ததாகவும், வெளியில் எங்கேயாவது உட்கார்ந்து படித்துவிட்டு மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போனதாகவும், வீடு இருக்கும் இடம் தெரியாமலிருக்கச் சாயந்திரம் வேகமாக நடந்துவிடுவதாகவும் அதில் சொல்கிறார். நூற்று முப்பது வருஷ இடைவெளி. அவருடைய நடைதான் என்னுடைய நடையும். படித்துவிட்டு எனக்கு ஒருபுறம் ஆறுதல், ஒருபுறம் எரிச்சல்.

இப்போது "உங்களுக்கென்னப்பா" என்ற வார்த்தைக்கு வருகிறேன். "உங்களுக்கென்னப்பா, பாஸானா போதும், வேலை ரெடி." இதைக் கேட்காத ஆள் எங்களில் யாரும் இருக்கமாட்டார்கள். கவுன்சலிங்கில் கட்-ஆப் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. உள்ளே வந்த பிறகு? அண்ணா பல்கலைக்கழகத்தில் பாஸ் மார்க் எல்லோருக்கும் 50-தான். எங்களுக்கென்று தனிக் கேள்வித்தாள் அச்சடித்ததில்லை. வேலை விஷயத்துக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் சிப்காட்டாகச் சுற்றி வாருங்கள். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் எல்லாம் செய்கிறார்கள். இதில் எந்தத் தனியார் கம்பெனியிலும் சாதிவாரி இட ஒதுக்கீடு கிடையாது. இந்த ரோட்டில் வேலை பார்க்கிற எங்கள் தெருப் பையன் ஒவ்வொருவனும் உங்களோடு அதே வரிசையில் நின்று, அதே டெஸ்ட் எழுதி உள்ளே போனவன்தான். ஆக "உங்களுக்கென்னப்பா" என்பது கிண்டல் என்பதைவிடத் தப்பான தகவல். எஞ்சினியர்கள் தப்பான தகவலைத் திருத்திக்கொள்ள வேண்டும் அல்லவா?

சொல்லப்போனால் வரிசையில் நிற்பதற்கு முன்னாலேயே ஒரு சல்லடை இருக்கிறது. சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்ற இருவர் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு வேறு என்று விண்ணப்பங்கள் தயாரித்து, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவு. நம் பக்கம் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்றேன். விலாசத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். "காலனி" என்ற வார்த்தையை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, "ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று என்னிடம் கேட்டவர் உண்டு. நான் இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்தவன். ரெஸ்யூமேயில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்ததைக் கண்ணால் பார்த்தவன். அரை செகண்டுதான். அப்புறம், "கம்யூனிகேஷன் கொஞ்சம் வீக்" என்று எழுதினார். பையன் நன்றாகத்தான் பேசினான்.

அன்று நான் வாயைத் திறந்தேனா? திறந்தேன். முப்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது, வீட்டுக் கடன் தவிர வேறு பயம் இல்லை. மறுபடியும் கூப்பிட்டுப் பேசலாம் என்றேன், கூப்பிட்டார்கள், எடுத்தார்கள். பிறகு முதல் சுற்றுப் படிவத்தில் "தந்தையின் தொழில்" என்ற கட்டம் எதற்கு என்று கேட்டேன். எடுக்க ஒரு வருஷம் ஆனது. ஹெட் ஆபீஸ் பார்மட் என்றார்கள்.

யோக்கியன் மாதிரிப் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து எங்கள் லைனில் நிற்கிற பையன்களை "வடக்கன்" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பழக்கம்தான். பழக்கம் என்பதுதான் பிரச்சினையே.

"எங்களையும்தான் குண்டா, கறுப்பான்னு கூப்பிட்டாங்க, நாங்க என்ன மனசுல வச்சுக்கிட்டா இருக்கோம்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். குண்டன் என்று கூப்பிட்டால் அது அவனோடு நிற்கிறது. இது என்னோடு நிற்பதில்லை. என் அம்மாவுக்கு, என் தாத்தாவுக்கு, டீக்கடையில் அவர் குடித்த தனி டம்ளருக்குப் போய்விடுகிறது. இன்னொன்று: "அப்படியா? பார்த்தா அப்படித் தெரியலையே!" என்று மூன்றாம் வருஷம் என்னிடம் ஒருவன் சொன்னான். பாராட்டாகத்தான் சொன்னான். "பார்த்தால் எப்படித் தெரியணும்?" என்று கேட்க எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று. இப்போதுதான் கேட்கிறேன். அவன் இங்கேதான் மூன்றாவது வரிசையில் இருக்கிறான். கோபம் இல்லைடா.

நம் தொழிலில் டாலரன்ஸ் ஸ்டாக்-அப் என்று ஒன்று படித்திருக்கிறோம். ஒரு பாகத்தில் 0.05 மில்லிமீட்டர் பிசகு இருந்தால் க்யூ.சி. பாஸ் போட்டுவிடும். அப்படிப் பத்துப் பாகம் வரிசையாகச் சேர்ந்து, பத்தும் ஒரே பக்கமாகப் பிசகினால் அரை மில்லிமீட்டர். கார்க் கதவு சரியாக மூடாது. எந்தப் பாகத்தை எடுத்து அளந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. என் நண்பன் ஐந்தாவது செமஸ்டரோடு கல்லூரியை விட்டுவிட்டான். எம்-த்ரீ அரியர் இருந்தது. வீட்டில் கஷ்டம் இருந்தது. மெஸ்ஸில் அவன் உட்காரும் மேஜையில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. பிராஜெக்ட் குழு பிரித்தபோது கடைசியில் மிச்சம் இருந்தவர்களோடு சேர்த்தார்கள். வைவாவில் "எந்த கோட்டா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். இதில் எதனால் போனான் என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவனைக் கேட்டால் "படிப்பு ஏறலடா" என்பான்.

நாங்கள் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் 2007-ல், டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் ஹாஸ்டலிலும் வகுப்பிலும் ஒதுக்கப்படுவதைப் பற்றி அதே தோரட் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலா 2016 ஜனவரியிலும், மும்பையில் டாக்டர் பாயல் தட்வி 2019 மே மாதத்திலும் உயிரை விட்டார்கள். அந்த இரண்டு தாய்மார்களும் சேர்ந்து 2019-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இந்தப் பெயர்களெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. செய்தித்தாளில் வராமல், டி.சி. வாங்கிக்கொண்டு போனவர்கள் பட்டியல் யாரிடமும் இல்லை. என் நண்பன் உயிரோடு, நன்றாக இருக்கிறான். அதனால் அவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான்.

கம்பெனிகளில் நாங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். ஹைன்ரிக் என்ற அமெரிக்கர், இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர், 1931-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் 29 சின்னக் காயங்களும், யாருக்கும் அடிபடாத 300 சம்பவங்களும் இருக்கும் என்றார். அந்த எண்ணிக்கை சரியா என்று பிற்பாடு பலர் சண்டை போட்டார்கள். எண் போனால் போகட்டும். அவர் சொன்னதன் சாரம் இன்று எல்லா ஷாப் ப்ளோரிலும் இருக்கிறது. "நியர் மிஸ்" என்று ஒரு ரிஜிஸ்டர் வைக்கிறோம். ஸ்பேனர் மேலேயிருந்து விழுந்தது, யார் தலையிலும் விழவில்லை. அதையும் எழுத வேண்டும். எழுதினவனைத் திட்டக்கூடாது. போட்டவன் யார் என்று தேடாமல், ஸ்பேனர் ஏன் அங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும்.

கல்லூரிகள் எல்லாம் விபத்தை மட்டும் எண்ணுகின்றன. புகார் வரவில்லை, ஆகவே பிரச்சினை இல்லை. ராகிங்கும் அப்படித்தான் இருந்தது. சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு 1996-ல் கொலையுண்ட பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. அதுவரை அதற்கும் பெயர் ஜாலி.

யு.ஜி.சி. 2012-ல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. சம வாய்ப்பு மையம் வைக்க வேண்டும், பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எதெல்லாம் பாகுபாடு என்றும் பட்டியல் போட்டிருக்கிறார்கள். வகுப்பில் மாணவர்களின் சாதியை அறிவிப்பது, இட ஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்துவது, இரண்டும் அதில் உண்டு. படித்தபோது யாரோ எங்கள் வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்து எழுதியதுபோல் இருந்தது. நாங்கள் வெளியே வந்து இரண்டு வருஷம் கழித்து வந்தது, அவ்வளவுதான்.

சட்டமெல்லாம் வேண்டியதில்லை என்று காட்டியவர் ஒருவரும் இங்கே இருந்தார். பிட்டிங் ஷாப் மாஸ்டர். இரண்டாம் வருஷம் எங்கள் வகுப்புக்கு அவர்தான் பொறுப்பு. ஸ்காலர்ஷிப் படிவம், பஸ் பாஸ் படிவம், பேங்க் லோனுக்கு போனபைட் சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஆபீசிலிருந்து தானே வாங்கிவந்து, கவரில் போட்டு, ரெக்கார்ட் நோட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே வைத்துக் கொடுத்துவிடுவார். யாருக்கு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பைசா செலவில்லை. ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவர் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. மூன்றாம் வருஷம் பொறுப்பு மாறியது, மறுபடியும் சர்க்குலர்.

இன்று விண்ணப்பமெல்லாம் ஆன்லைனுக்கு வந்துவிட்டது என்கிறார்கள். நல்லது. ஆனால் கடைசித் தேதி நெருங்கும்போது, "இன்னும் யார் யார் போடலை?" என்று ஒருவர் கேட்டாக வேண்டுமே, அது எங்கே கேட்கப்படுகிறது என்பதுதான் என் சந்தேகம். முதல்வர் அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது அந்த நியர் மிஸ் ரிஜிஸ்டர் ஒன்று. பெயர் எழுத வேண்டாம், யாரையும் தண்டிக்க வேண்டாம். என்ன விழுந்தது, எங்கே விழுந்தது என்று மட்டும் எழுதட்டும். மாசம் ஒரு தடவை மூத்த ஆசிரியர் ஒருவர் படிக்கட்டும். ரிஜிஸ்டர் எப்படி நடத்துவது என்று சொல்லித்தர எங்கள் செட்டில் பத்துப் பேர் இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.

போன வாரம் நண்பனுக்குப் போன் செய்தேன். இப்போது ஒரு டூல் ரூமில் சி.என்.சி. செட்டராக இருக்கிறான். அவன் கை அப்படி, மைக்ரான் கணக்கு. மேடையில் உன் கதையைச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லு, பேரைச் சொல்லாதே. பொண்ணு எட்டாவது படிக்கிறா" என்றான். நான் உன்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டதையும் சொல்லப்போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும். "நீ லேஸ் கட்டினதைப் பார்த்தேன்டா" என்றான். அப்புறம் அவனே பேச்சை மாற்றி, "ஆமா, அந்த சர்க்குலரை இப்பவும் கிளாஸ்லதான் படிக்கிறாங்களா?" என்று கேட்டான். தெரியலை, விசாரிச்சுச் சொல்றேன் என்றேன்.

தம்பி தங்கைகளே, அடுத்து டீ இடைவேளை. நான் அந்த வாசல் பக்கத்தில்தான் நிற்பேன். யாராவது வந்து சொல்லுங்கள். ராத்திரி அவன் ஷிப்ட் முடிந்ததும் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன்.